றூஜ் ஆற்றங்கரையில் மூன்று நிமிடம்

ஸ்காபரோவில் லோறன்ஸ் அவெனியூவில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் கடைகள் முடியும், அடுக்குமாடிக் கட்டடங்கள் முடியும், பிறகு வீடுகளும் முடியும். இனிப் போக வீதி இல்லை என்ற இடத்தில் ஒரு ஆறு குறுக்கே நிற்கும். அதுதான் றூஜ் ஆறு. வலது கைப்பக்கம் ஒன்ராறியோ ஏரி. ஆறு ஏரியில் விழும் வாயருகே ஒரு ரயில் பாலம். இடது கைப்பக்கம் கோரைப்புல்லும் சேறும் தேங்கிய தண்ணீருமாக ஒரு பெரிய சதுப்பு நிலம். ரொறொன்ரோ நகர எல்லைக்குள் இன்னும் எஞ்சியிருக்கும் பெரிய சதுப்பு நிலங்களில் இது ஒன்று. 2015ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட தேசிய நகர்ப்புறப் பூங்காவின் ஒரு பகுதி இது. ஏரிக்கரையில் இருந்து வடக்கே ஓக் றிட்ஜஸ் மேடு வரை, ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர்.

எங்கள் ஆட்கள் கோடையில் இங்கே வருவார்கள். பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டு, கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, பொழுதுபடப் போய்விடுவார்கள். நாங்களோ பொழுதுபட்ட பிறகுதான் போகிறோம். அதுவும் ஏப்ரல் மாதக் குளிரில், வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எதற்கென்றால், தவளை கத்துவதைக் கேட்டு எழுதுவதற்கு. இதைச் சொன்னபோது என் மச்சான் சிரித்துவிட்டு, "மணித்தியாலத்துக்கு எவ்வளவு தருவாங்கள்?" என்று கேட்டார். ஒன்றும் தரமாட்டார்கள். பெற்றோலும் எங்கள் காசுதான்.

மகள் நூல்நிலையத்தில் ஒரு அறிவித்தலைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியது இது. பேரேரிகளைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் பறவைகளையும் தவளைகளையும் கணக்கெடுப்பதற்கு 1995 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. பேர்ட்ஸ் கனடா என்ற அமைப்பு நடத்துகிறது. கணக்கெடுப்பவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், இரவு வேலைக்குப் போகாத யாரும் செய்யலாம். பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு போக வேண்டும் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படிவத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் பட்டது, அதில் ஆங்கிலம் அதிகம் இல்லை என்பதுதான். இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஆளுயரம் வரும். எல்லாவற்றிலும் எங்கள் கதையைத்தான் கேட்டார்கள். எப்போது வந்தாய், எதனால் வந்தாய், அதற்கு என்ன அத்தாட்சி என்று. இந்தப் படிவத்திலோ பெயர், திகதி, நேரம், வெப்பநிலை, காற்று. அதற்குக் கீழே ஒரு அரைவட்டம். அவ்வளவுதான்.

அந்த அரைவட்டத்தின் நடுவில் நிற்பவர் நாங்கள். எங்களுக்கு முன்னால் 100 மீற்றர் தூரம் வரையுள்ள சதுப்புத்தான் அரைவட்டம். சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் கழிந்த பிறகு போய் நிற்க வேண்டும், நடுச்சாமத்துக்கு முன் முடிக்க வேண்டும். மூன்று நிமிடம் பேசாமல் கேட்க வேண்டும். எந்தத் தவளை, எந்தப் பக்கம், எத்தனை என்று அரைவட்டத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாகக் கத்தினால் 1 என்ற இலக்கம். ஒன்றன் சத்தத்தின் மேல் ஒன்று விழுந்தாலும் ஓரளவு எண்ணிக்கை சொல்லலாம் என்றால் 2. எண்ணவே முடியாத இரைச்சல் என்றால் 3. பிறகு குறைந்தது 500 மீற்றர் தள்ளி அடுத்த இடம். ஒரே தவளையை இரண்டு தரம் எண்ணாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி.

இப்படி ஒரு வருடத்தில் மூன்று தரம் போக வேண்டும். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் 15 நாளாவது இருக்க வேண்டும். முதல் தடவை இரவு வெப்பநிலை 5 பாகைக்கு மேல், இரண்டாவது 10 பாகைக்கு மேல், மூன்றாவது 17 பாகைக்கு மேல். கலண்டரைப் பார்த்துப் போவதில்லை, குளிரைப் பார்த்துப் போவது. எல்லாத் தவளையும் ஒரே நேரத்தில் கத்துவதில்லை என்பதுதான் காரணம். எங்கள் ஊரில் மாரி தொடங்கினால் எல்லாம் சேர்ந்து தொடங்கிவிடும். இங்கே ஒன்று முடித்துப் போக மற்றது வருகிறது, கோயில் திருவிழாவில் உபயகாரர் முறை வைத்தது போல.

முதல் முறைக்காரர் வூட் ஃபிறொக். பனி முழுக்கக் கரைவதற்கு முன்பே, காட்டுக்குள் உருகிய தண்ணீர் தேங்கும் குட்டைகளில் வந்து கத்தும். வாத்துச் சத்தம் போல இருக்கும். இந்தத் தவளையைப் பற்றி மகள் வாசித்துக் காட்டியபோது நான் நம்பவில்லை. பனிக்காலத்தில் இது மண்ணுக்குள் ஆழமாகப் போவதில்லை. காய்ந்த இலைச் சருகுக்குக் கீழே கிடந்து அப்படியே உறைகிறது. உடம்பில் உள்ள தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஐஸ் ஆகிவிடும். மூச்சு நிற்கும், இருதயம் நிற்கும். ஈரலில் இருந்து வரும் சீனி இரத்தத்தில் பெருகி, உயிரணுக்களுக்குள் ஐஸ் பிடிக்காமல் காக்கிறது. வசந்தத்தில் சூடு பட்டதும் சில மணித்தியாலத்தில் இருதயம் திரும்ப அடிக்கத் தொடங்குகிறது. ஒட்டாவாவில் உள்ள கார்ள்ட்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்ரோறி, ஜனற் ஸ்ரோறி என்ற இருவர் பல வருடங்கள் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். கல்லுக்குள் தேரை இருக்கும் என்று அம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறா. இங்கே தவளையே கல்லாகிப் பிறகு தவளையாகிறது என்றதும், "அப்ப எங்களைப் போலத்தான், சித்திரை வரைக்கும் எழும்பாது" என்றா.

வூட் ஃபிறொக்கோடு சேர்ந்தே ஸ்பிறிங் பீப்பர் வரும். பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, ஓர் அங்குலம் இருக்கும். கோழிக்குஞ்சு கத்துவது போல ஒற்றைச் சத்தம். நூறு இருநூறு சேர்ந்து கத்தினால் தூரத்தில் சலங்கை குலுங்குவது போல இருக்கும், கிட்டப் போனால் காது நோகும். சித்திரை கழியச் சிறுத்தைத் தவளையும் தேரையும். சிறுத்தைத் தவளை குறட்டை விடும். நடு நடுவே ஊதிய பலூனை ஈரக் கையால் தேய்த்தது போல ஒரு சத்தம். தேரை இழுத்துப் பாடும். ஒரே மூச்சில் அரை நிமிடம் வரைகூடப் போகும். ஒவ்வொரு தேரைக்கும் ஒவ்வொரு சுருதி. இரண்டு மூன்று சேர்ந்தால் சுருதிப்பெட்டி தான். வைகாசி, ஆனியில் மரத்தவளை. உடம்பின் நிறம் சாம்பலில் இருந்து பச்சைக்கு மாறக்கூடியது. அதன் பிறகு பச்சைத் தவளை, தளர்ந்த தந்தியை ஒரு தரம் சுண்டிவிட்டது போல 'டொங்' என்று. கடைசியில் புல் ஃபிறொக், மாடு உறுமுவது போல.

கத்துவது ஆண் தவளைகள் மட்டும். 'தவளை தன் வாயால் கெடும்' என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். பாம்புக்கும் கொக்குக்கும் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கத்தாத ஆண் தவளைக்குச் சோடி கிடைப்பது கடினம்.

இவற்றை எல்லாம் போகும் முன்பே ஒலிப்பதிவில் கேட்டுப் பழக வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரே தவளைச் சத்தம்தான். மகள் ஆங்கிலப் பெயர்களைச் சொல்ல, அம்மா தனக்கு வாய்த்த பெயர்களை வைத்தா. வாத்துத் தவளை, குஞ்சுத் தவளை, குறட்டைத் தவளை, தந்தித் தவளை. கோரஸ் ஃபிறொக் என்று ஒன்று இருக்கிறது. சீப்பின் பற்களில் நகத்தால் இழுத்தால் வரும் சத்தம். அது சீப்புத் தவளை. அம்மா பெயரைச் சொல்லுவா, மகள் அதற்குரிய குறியீட்டை எழுதுவாள். இப்படித்தான் எங்கள் வேலை நடக்கிறது. ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கவனத்தில் எடுங்கள். அவர்களுக்குத் தவளையின் பெயர் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

என் காது போதாது என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு மேலே காட்டோரக் குட்டை ஒன்றுக்கு அருகில் நின்றோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று நிமிடம் முடிந்தது. "ஒன்றும் இல்லை, எழுது" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அம்மா, "உனக்கென்ன, காது அடைச்சுப் போச்சே? அங்கை வலப்பக்கம் குஞ்சுத் தவளை நாலு கத்துது" என்றா. இரும்புத் தகடு அடிக்கும் மெசினுக்குப் பக்கத்தில் பத்து வருடம் நின்ற காது என்னுடையது. உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன என்று எனக்கே தெரியாது. ஒருவர் கதைப்பது கேட்கிறது, ரெலிபோன் அடிப்பது கேட்கிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்தேன். அடுத்த கிழமை டொக்ரரிடம் போனேன். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் காதுக்குப் போடும் அடைப்பானைத் தயவுசெய்து போடுங்கள். முதலாளி தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தவளைக் கட்டுரையில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம்.

அம்மாவின் காது எப்படி இவ்வளவு கூர்மை என்று மகள் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

1987ஆம் ஆண்டு ஐப்பசி. இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கிய நாட்கள். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளக் காணி, மழை பெய்தால் வெள்ளம் நிற்கும். மாரித் தவளைகள் விடிய விடியக் கத்தும். அவை கத்தும் வரைக்கும் நாங்கள் மெல்லக் கதைக்கலாம், தம்பி அழுதால் அழலாம். திடீரென்று ஒரு பக்கத்துத் தவளைகள் நின்றால் அம்மா விளக்கை நூர்த்துவிடுவா. எந்தப் பக்கம் நின்றது என்பதை வைத்து, ஆட்கள் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று அப்பாவின் காதுக்குள் சொல்லுவா. அநேகமாக அது நாயாகவோ மாடாகவோ இருக்கும். இரண்டு தரம் அப்படி இருக்கவில்லை.

ஆகவே படிவத்தில் உள்ள அரைவட்டம் அம்மாவுக்குப் புதிது அல்ல. இருட்டில் நின்று, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று விரலை நீட்டிக் காட்டுவா. மகள் அந்த இடத்தில் புள்ளி வைப்பாள். இதுவரை எனக்கு அதில் பிழை பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது தடவை ஆற்றின் வாயருகே நின்றபோது ஒரு சம்பவம். வைகாசி மாதம், தேரைகள் 3ஆம் இலக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தன. "இதை எண்ணச் சொல்லி எந்த விசரன் கேட்டவன்?" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டு நின்றா. பிறகு என் கையைப் பிடித்தா. இடப்பக்கத்துத் தேரைகள் நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் வாகன வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. பொலிஸ் கார். இரவில், தண்ணீர்க்கரையில், கறுத்த ஜக்கற் போட்டுக்கொண்டு மூன்று பேர் பேசாமல் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தான். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். மகள் படிவத்தைக் காட்டினாள். அவர் ரோச் அடித்து வாசித்தார், சிரித்தார், போய்விட்டார். ஐந்து நிமிடக் கதை. ஆனால் அம்மாவின் கை நடுங்குவது நிற்க அதைவிடக் கனநேரம் எடுத்தது. காரின் எஞ்சின் சத்தத்தால் எங்கள் மூன்று நிமிடமும் வீணாகிவிட்டது. திரும்பத் தொடங்க வேண்டும் என்றேன். அம்மாவைக் காரில் இருக்கச் சொன்னேன். "நீ எண்ணிக் கிழிப்பாய்" என்றுவிட்டு அங்கேயே நின்றா. தேரைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின.

இதில் இருந்து இரண்டு விடயம் சொல்ல வேண்டும். நிற்கப் போகும் இடம் இருட்டிய பிறகு நிற்கக்கூடிய இடமா என்று முன்கூட்டியே திட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தையும் அவர்கள் தந்த கடிதத்தையும் பைக்குள் புதைத்து வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

இனி இவ்வளவு பாடுபட்டு எதற்கு எண்ணுகிறார்கள் என்ற கேள்வி. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் உடம்புக்குள் போகும். பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு வசந்தத்தில் இந்தக் குட்டைகளுக்குத்தான் வருகிறது. முட்டைக்கும் வாற்பேய்க்கும் அது கூடாது. 1989இல் இங்கிலாந்தில் கன்ரபெரி நகரில் உலக மாநாடு ஒன்று கூடியபோதுதான், தங்கள் தங்கள் நாட்டில் தவளை குறைகிறது என்று தனித்தனியே நினைத்திருந்தவர்கள் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று கண்டார்கள். ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்லப் பழைய கணக்கு அநேக இடங்களில் இல்லை. அதன் பிறகுதான் இப்படியான தொண்டர் கணக்கெடுப்புகள் பெருகின. தெற்கு ஒன்ராறியோவில் இருந்த சதுப்பு நிலங்களில் நூற்றுக்கு 72 பங்கு 2002க்கு முன்பே அழிந்துவிட்டதாக 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வு சொல்கிறது. நாங்கள் குடியிருக்கும் கட்டடங்களுக்குக் கீழே என்ன இருந்ததோ!

இந்தக் கணக்கு வெறும் கணக்கு அல்ல. சீப்புத் தவளை என்றேனே, அதில் ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் வாழும் ஒரு பிரிவை 2010இல் மத்திய அரசு ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 2016இல் மொன்றியாலுக்கு அருகே லா பிறேரி என்ற ஊரில் பெரிய வீட்டுத்திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, இந்தத் தவளைக்காக அரசு அவசர ஆணை போட்டு ஒரு பகுதியில் வீடு கட்டாமல் தடுத்தது. 2021இல் லோங்கேய் நகரில் ஒரு வீதி வேலையும் அதே காரணத்தால் நிறுத்தப்பட்டது. வீடு வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்க இரண்டு மனமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் ஒரு அங்குலத் தவளை இருந்த இடத்தில் இருக்கலாம் என்று ஒரு அரசாங்கம் ஆணை போடுவதை நான் முதல் முதலாக இந்த நாட்டில்தான் கேள்விப்பட்டேன்.

சீப்புத் தவளை எங்கள் இடங்களில் ஒருநாளும் கேட்கவில்லை. நான்கு வருடமாகப் போகிறோம். அம்மா தன் கைப்பையில் ஒரு சீப்பு வைத்திருக்கிறா. காரால் இறங்க முன் நகத்தால் ஒரு இழுவை இழுத்து ஞாபகப்படுத்திக்கொள்ளுவா. கேட்காததை எதற்கு எழுத வேண்டும் என்று முதல் வருடம் நான் சலித்துக்கொண்டேன். கேட்காததையும் எழுதத்தான் வேண்டுமாம். போய் நின்றோம், மூன்று நிமிடம் கேட்டோம், இல்லை என்று பதிந்தால்தான் இல்லை. யாரும் போகாத இடத்தில் தவளை இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் காட்டோரக் குட்டையில் குஞ்சுத் தவளையும் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டி வந்தது. மகள் பென்சிலை வைத்துக்கொண்டு அப்பம்மாவைப் பார்த்தபடி நின்றாள். இன்னொரு நிமிடம் பார்ப்போம் என்று அம்மா கேட்டா. மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்தான் என்று மகள் சொல்லிவிட்டு எழுதினாள். வீடு வரும் வரைக்கும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. இந்த வருடம் அதே குட்டையில் இரண்டு கத்தின.

போக விரும்புபவர்கள் பனிக்காலத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். இடம் ஒதுக்கவும் சத்தங்களைப் பழகவும் நேரம் வேண்டும். ஏப்ரலில் கையுறை, தொப்பி, தண்ணீர் போகாத சப்பாத்து கட்டாயம். ஆனியில் நுளம்பு தின்னும். நீளக் கைச் சட்டை போடுங்கள். பூச்சி மருந்து பூசிய கையால் தவளையைத் தொட வேண்டாம், அதற்கு அது நஞ்சு. உண்மையில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. ரோச் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடிக்காதீர்கள். தூறல் பரவாயில்லை, காற்றென்றால் திரும்பி வந்துவிடுங்கள், ஒன்றும் கேட்காது.

தனியாகத் தொடங்கத் தயக்கமென்றால் முதல் இரவுக்கு எங்களோடு வரலாம். காரின் பின்னிருக்கையில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. முன்னுக்கு அம்மாதான் இருப்பா.